பருத்தி எண்ணெயும் என் சீனச்சட்டியும்

"இன்னும் அந்தப் பருத்தி எண்ணெய்தான் வாங்குதியா? நல்லாருக்கா?" என்று நேற்று மைனி போனில் கேட்டார்கள். கேட்ட நேரம் சரியில்லை. சீனச்சட்டியைக் குப்புறப் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தேன்.

2025-இல் தேங்காய் எண்ணெய் லிட்டர் 400 ரூபாயைத் தாண்டியபோது ஆரம்பித்தது இது. ராஜ்கோட்டில் வேலை பார்க்கும் தம்பி, லீவுக்கு நாகர்கோவில் வந்தபோது ஒரு கேன் தூக்கி வந்தான். குஜராத்தில் அதற்குக் கபாசியா தேல் என்று பெயர். "மாட்டுக்கு ஊறப்போடுற கொட்டைதானே?" என்று அம்மா முகம் சுளித்தாள். அவள் பயத்திலும் நியாயம் உண்டு. பருத்திக்கொட்டையில் காசிப்பால் என்ற நச்சுப்பொருள் இருக்கிறது. சுத்திகரிக்கும்போதுதான் அது நீங்கும். செக்கில் ஆட்டியதுதான் நல்லது என்ற பேச்சு இந்த எண்ணெய்க்குப் பொருந்தாது.

பொரிப்பதற்கு அருமை. 220 டிகிரிக்கு மேல் போனால்தான் புகையும். ஏத்தங்காய் சிப்ஸ் மொறுமொறு என்று வரும். தனக்கென்று வாசனை இல்லாததால் முந்திரிக்கொத்தைக் கடித்தால் ஏலக்காய்தான் முதலில் வரும். நெத்திலி பொரித்தால் நெத்திலி மணம் மட்டும். அவியலுக்கு ஊற்றுவதைப் பற்றிப் பேசவே வேண்டாம், ஒரு நாள் செய்து பார்த்தேன், அவ்வளவுதான்.

சரி, அப்புறம் என்ன குறை? பிசின். சட்டியின் விளிம்பு, அடுப்பைச் சுற்றி, கேனின் வாய், எண்ணெய்க் கரண்டியின் காம்பு, எல்லா இடத்திலும் தேன்நிறத்தில் ஒரு பசை. முதலில் விரல் ஒட்டும். நாலு நாள் விட்டால் வார்னிஷ் அடித்ததுபோல் இறுகிவிடும். இந்த எண்ணெயில் பாதியளவு லினோலிக் அமிலம் என்ற கொழுப்பு அமிலம். சூட்டில் காற்றுப் பட்டதும் அதன் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். தேங்காய் எண்ணெயில் அந்த அமிலம் சொற்பம் என்பதால் இத்தனை வருஷம் இந்தத் தொல்லையே தெரியாமல் இருந்திருக்கிறோம். சோடா உப்பு, புளி, சாம்பல் எல்லாம் போட்டாயிற்று. சோடா உப்பைக் குழைத்துப் பூசி ராத்திரி முழுக்க வைத்தால் கொஞ்சம் இளகும். மிச்சத்துக்கு இரும்பு நார்தான், கூடவே விரல் மொளியில் கொஞ்சம் தோலும் போகும். பொரித்த எண்ணெயை இரண்டாம் தடவை காய்ச்சினால் இன்னும் மோசம். அதையும் நான் செய்யாமல் இல்லை.

"வாங்காதீங்க மைனி" என்றேன். "அப்போ உன் வீட்டுச் சிப்ஸ் எப்படி அவ்வளவு நல்லாருக்கு?" என்றார்கள். தேய்த்துக்கொண்டே இருந்தேன்.