புதுச்சேரி ஷோரூமில் கார் புக் பண்ணப்போகும் கடலூர்க்காரர்களுக்கு

கடலூர்ப் பக்கத்திலிருந்து புதுச்சேரிக்குப் போய் கார் வாங்க நினைப்பவர்கள், அட்வான்ஸ் கட்டுவதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். ஷோரூமின் பெயரைப் போடவில்லை, புகார் நடந்துகொண்டிருக்கிறது. பெயரைவிட அவர்கள் எப்படிச் செய்கிறார்கள் என்பது தெரிந்தால்தான் உங்களுக்கு உபயோகம்.

கார் என் அக்காவுக்கு. நெல்லிக்குப்பத்தில் ஆசிரியையாக இருக்கிறார். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்து, அடுத்து சாத்தனூர் அணையைத் திறந்துவிட்டுத் தென்பெண்ணை பொங்கி வந்ததே, அதில் அவருடைய பழைய கார் மூழ்கிவிட்டது. இன்சூரன்ஸில் கிடைத்த பணம், சேமிப்பு, பாங்க் கடன் எல்லாம் சேர்த்துத்தான் மறுபடி ஒரு கார் வாங்கக் கிளம்பினார்.

அட்வான்ஸ் கட்டும் வரைக்கும் அந்த மரியாதையைப் பார்க்க வேண்டும். டெஸ்ட் டிரைவ் வண்டி முள்ளோடை தாண்டி வீட்டு வாசலுக்கே வந்தது. சேல்ஸ் பையன் "அக்கா, அக்கா" என்று அழைத்து, ஒரு தாளில் மொத்த ஆன்ரோடு விலையை (வரி, இன்சூரன்ஸ் எல்லாம் சேர்த்து வண்டி ரோட்டுக்கு வரும் விலை) எழுதிக் கொடுத்தான். அதில் சீல் இல்லை, கையெழுத்து இல்லை, எதற்கு எவ்வளவு என்ற பிரிவும் இல்லை. 25,000 ரூபாய் அட்வான்ஸ் கட்டினோம்.

அதற்கப்புறம்தான் வாட்ஸ்அப்பில் உண்மையான கணக்கு வந்தது. ஹேண்ட்லிங் சார்ஜ் 9,500. ரோடு டாக்ஸ் தனியாக இருக்க, "ஆர்.டி.ஓ. செலவு" என்று இன்னொரு 14,000. மேட், மட் ஃபிளாப், சீட் கவர் எல்லாம் ஒரு "கிட்", அதை வேண்டாம் என்று சொல்ல முடியாதாம். பெயின்டுக்கு மேல் பூசும் டெஃப்லான் கோட்டிங். இன்சூரன்ஸ் 52,000. அக்கா கேள்வி கேட்டால், "சார் வரட்டும் மேடம், பேசிக்கலாம்" என்று மாமாவைத் தேடினார்கள். கையெழுத்து அக்காவுடையது, பணமும் அவருடையது. மாமாவுக்கு வண்டி ஓட்டவே தெரியாது. மற்ற எதையும்விட இதுதான் எனக்குக் கோபத்தை மூட்டியது.

இன்சூரன்ஸ் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், அதிகப் பணம் போவது அங்கேதான். புதுக் காருக்கு மூன்று வருட மூன்றாம் நபர் காப்பீடு (நம் வண்டியால் மற்றவர்களுக்கு ஆகும் பாதிப்புக்கானது) 2018 செப்டம்பர் 1 முதல் கட்டாயம். சொந்த வண்டியின் சேதத்துக்கான பகுதியை ஒரு வருடத்துக்கு எடுத்தால் போதும். இதை எந்தக் கம்பெனியில் எடுப்பது என்பது வாங்குபவரின் உரிமை, ஷோரூமில்தான் எடுக்க வேண்டும் என்று சட்டத்தில் எங்கேயும் இல்லை. அக்கா வெளியே விசாரித்தார். அதே ஐ.டி.வி. (வண்டிக்கு இன்சூரன்ஸில் போடும் மதிப்பு), அதே ஜீரோ டெப்ரிசியேஷன் (பாகங்களின் தேய்மானத்தைக் கழிக்காமல் கிளெய்ம் தருவது), அதே இன்ஜின் பாதுகாப்பு (வெள்ளத்தைப் பார்த்த நமக்கு அது அவசியம்), எல்லாம் சேர்த்து 34,000தான் வந்தது. இதைச் சொன்னதும் வெளியே எடுத்தால் வாரண்டி போய்விடும் என்றார்கள். போகாது. வாரண்டி கார் தயாரிப்பாளர் கொடுப்பது, பாலிசியை எங்கே எடுத்தீர்கள் என்பதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. அடுத்து, கேஷ்லெஸ் (ரிப்பேர் பில்லை இன்சூரன்ஸ் கம்பெனியே ஒர்க்ஷாப்புக்கு நேராகக் கட்டுவது) கிடைக்காது என்றார்கள். இன்சூரன்ஸ் கம்பெனியின் கேஷ்லெஸ் பட்டியலில் அந்த ஒர்க்ஷாப் இருக்கிறதா என்று கம்பெனியிடமே கேட்டோம், இருந்தது. கடைசியில், "அப்போ டிஸ்கவுண்ட் கிடையாது" என்றார்கள். டிஸ்கவுண்டை எழுத்தில் வாங்காததால் அதில் 10,000 ரூபாய் போய்விட்டது. ஆனாலும் வெளியே எடுத்ததில் 8,000 மிச்சம்தான்.

அந்த ஆர்.டி.ஓ. செலவு. காரைப் பதிவு செய்ய அரசுக் கட்டணம் 600 ரூபாய், கடனில் வாங்கினால் அதைக் குறிப்பதற்கு 1,500, ஸ்மார்ட் கார்டுக்கு 200. தற்காலிகப் பதிவு, தபால் என்று எல்லாவற்றையும் கூட்டினாலும் 14,000 வராது. எதற்கு ரசீது தருவீர்கள் என்று கேட்டோம். ஆர்.டி.ஓ. கட்டணத்துக்கு மட்டும் ரசீது உண்டு, மீதி "ஆபீஸ் செலவு" என்றார்கள். ரசீது இல்லாத ஒரு பைசாவும் கொடுக்காதீர்கள். ஹேண்ட்லிங் சார்ஜை பில்லில் என்ன பெயரில் போடுவீர்கள் என்று அக்கா இமெயிலில் கேட்டார், அந்த மெயிலின் நகலைக் கார் கம்பெனியின் வாடிக்கையாளர் சேவைக்கும் அனுப்பினார். ஹேண்ட்லிங் சார்ஜ் உடனே கணக்கிலிருந்து காணாமல் போனது.

இதற்கு நடுவில் இன்னொரு யோசனை சொன்னார்கள். தமிழ்நாட்டில் 2023 நவம்பரிலிருந்து 5 லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரையிலான காருக்கு ரோடு டாக்ஸ் 13 சதவீதம். புதுச்சேரியில் அதைவிடக் குறைவு. "வாடகை ஒப்பந்தம் நாங்களே போட்டுத் தர்றோம், பி.ஒய். நம்பர் வாங்கிக்கலாம்" என்றான் அந்தப் பையன், அதாவது புதுச்சேரியில் குடியிருப்பதாகக் காட்டி அங்கேயே பதிவு செய்வது. அக்கா உடனே மறுத்துவிட்டார். பொய் முகவரிக்குக் கையெழுத்துப் போடுவது நீங்கள், ஷோரூம் அல்ல. பிடிபட்டால் கேள்வியும் உங்களிடம்தான் வரும். மோட்டார் வாகனச் சட்டம் 47ஆம் பிரிவுப்படி, வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வண்டியை வைத்திருந்தால் அந்த மாநிலப் பதிவுக்கு மாற்ற வேண்டும். அப்போது தமிழ்நாட்டு வரியையும் கட்டிவிட்டு, புதுச்சேரியில் கட்டிய வரியைத் திரும்பக் கேட்டு அலைய வேண்டும். உண்மையிலேயே புதுச்சேரியில் குடியிருப்பவர்களுக்கு இந்தப் பிரச்சினை இல்லை. கடலூரில் இருப்பவர்கள் தற்காலிகப் பதிவில் வண்டியைக் கொண்டுவந்து கடலூர்ப் பதிவான டி.என். 31 போட்டுக்கொள்ளுங்கள்.

டெலிவரிக்கு முன்னால் வண்டியைப் பார்க்க வேண்டும் என்றோம். வண்டிகளை நிறுத்தி வைக்கும் யார்டுக்குள் கஸ்டமரை விடுவதில்லை என்றார்கள். பார்க்காமல் மீதிப் பணம் வராது என்று அக்கா சொன்ன பிறகுதான் திறந்தார்கள். முதலில் காட்டிய வண்டி முந்தைய வருடத் தயாரிப்பு. 17 எழுத்து சேசிஸ் நம்பரிலேயே தயாரிப்பு ஆண்டு குறியீடாக இருக்கும், பார்ம் 21 என்ற விற்பனைச் சான்றிதழிலும் மாதம், ஆண்டு போட்டே ஆக வேண்டும். ஆர்.சி.யிலும் அதுதான் ஏறும், நாளைக்கு விற்கும்போது விலை அதை வைத்துத்தான். வேறு வண்டி வேண்டும் என்று நின்றோம், இரண்டு வாரம் கழித்து வந்தது.

நம் பக்கம் வெள்ளம் வந்த ஊர் என்பதால் இதையும் செய்யுங்கள். புதுசோ பழசோ, சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள், தண்ணீர் ஏறிய வண்டியில் உள்ளே சுருண்டிருக்கும் பகுதியில் சேற்றுக் கறை இருக்கும். கார்பெட்டைத் தூக்கிப் பாருங்கள். சீட் தண்டவாளத்தில் துரு இருக்கிறதா, ஸ்டெப்னி வைக்கும் குழியில் மண் படிந்திருக்கிறதா என்று பாருங்கள். எங்களுக்கு வந்த இரண்டாவது வண்டி சுத்தமாகத்தான் இருந்தது.

பழைய காரை எக்ஸ்சேஞ்சில் கொடுப்பவர்கள், அது உங்கள் பெயரிலிருந்து மாறும் வரை விடாதீர்கள். ஆர்.சி.யில் பெயர் இருப்பவரே விபத்துக்குப் பொறுப்பு என்று சுப்ரீம் கோர்ட் 2018இல் தெளிவாகச் சொல்லியிருக்கிறது.

இப்போது நிலைமை இதுதான். கிட்டுக்கும் ஆர்.டி.ஓ. செலவுக்கும் வாங்கிய பணத்தைத் திருப்பித் தரவில்லை. 1915 தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிந்தோம், ஷோரூம் பதில் போடவில்லை. அடுத்து கடலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுத்திருக்கிறோம். ஷோரூம் புதுச்சேரியில் இருந்தாலும், புகார் கொடுப்பவர் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போட 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இடம் கொடுக்கிறது. இது பலருக்குத் தெரியவில்லை. 5 முதல் 10 லட்சம் வரை கொடுத்து வாங்கிய பொருள் என்றால் கட்டணம் 200 ரூபாய், 20 லட்சம் வரை 400. வக்கீல் வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. பிரச்சினை நடந்த இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும்.

எங்களிடம் ஆதாரமாக இருப்பது வாட்ஸ்அப் கணக்கு, இமெயில்கள், பாங்க் வழியாகக் கட்டிய பணத்தின் விவரம். முதல் நாள் எழுதிக் கொடுத்த அந்தத் தாளையும் பத்திரமாக வைத்திருக்கிறோம். நீங்களும் ரொக்கமாகக் கொடுக்காதீர்கள். எக்ஸ் ஷோரூம் விலை (ரோடு டாக்ஸ், இன்சூரன்ஸ் சேராத விலை), வரி, இன்சூரன்ஸ், டிஸ்கவுண்ட், டெலிவரி தேதி, புக்கிங்கை ரத்து செய்தால் எவ்வளவு திரும்பும் என்பதையெல்லாம் தனித்தனியாக எழுதி, சீல் வைத்துக் கொடுத்த பிறகு அட்வான்ஸ் கட்டுங்கள். கொடுக்க மறுத்தால் எழுந்து வந்துவிடுங்கள், அதே கார் விழுப்புரத்திலும் கடலூரிலும் கிடைக்கும்.