ஓஎஸ்பிஎஃப் தங்கம், அதைக் காட்டும் பக்கம் தகரம்

கிள்ளானில் ஹார்ட்வேர் கடை வைத்திருக்கும் நண்பன் கேட்டான்: "மச்சான், நீ வெச்சிருக்கிற ரௌட்டர் விலை இறங்கிடுச்சு, நம்ம ரெண்டு கடைக்கும் நடுவுல போடலாமா?" வாட்ஸ்அப்பில் பதில் எழுத ஆரம்பித்தேன், அது முடிகிற மாதிரி தெரியவில்லை, அதனால் இங்கே. பிராண்டு பெயர் வேண்டாம். எத்தனை போர்ட், என்ன வேகம் என்பதெல்லாம் பெட்டி மேலேயே அச்சடித்திருக்கிறது, அதையும் விட்டுவிடுகிறேன்.

எங்கள் நிலவரம் இது. பினாங்கு லிட்டில் இந்தியாவில் மளிகைக் கடை, பிறையில் கிடங்கு, புக்கிட் மெர்தாஜாமில் மசாலா பேக்கிங். பில்லிங் சர்வர் கிடங்கில் இருக்கிறது. கடைக்கு ஃபைபர் ஒன்று, அது படுத்துவிட்டால் 4ஜி சிம் ஒன்று. இரண்டின் வழியாகவும் கிடங்குக்குத் தனித்தனி வயர்கார்டு டனல், அதாவது இணையத்துக்குள்ளேயே பூட்டிய தனிப் பாதை.

இதற்குப் போய் ஓஎஸ்பிஎஃப் (ரௌட்டர்கள் தங்களுக்குள் பேசி வழியைத் தாங்களே தேர்ந்தெடுக்கும் முறை) எதற்கு, கையால் எழுதி வைக்கும் ஸ்டாட்டிக் ரூட் இரண்டு போட்டால் போதாதா என்பான் நண்பன். போதாது. எதிர்முனை செத்துக் கிடந்தாலும் வயர்கார்டு இன்டர்ஃபேஸ் தன் பாட்டுக்கு 'அப்' என்றே நிற்கும். இன்டர்ஃபேஸ் விழாதவரை அதன்மேல் போட்ட ஸ்டாட்டிக் ரூட்டும் விழாது, பில்லிங் பாக்கெட் முழுக்க அந்தச் செத்த டனலுக்குள்ளேயே போய்க்கொண்டிருக்கும். பிங் அடித்துப் பார்த்து ரூட்டை மாற்ற ஒரு ஸ்கிரிப்ட் எழுதலாம்தான், ஆனால் நான் லீவில் போனால் அதை யார் பார்ப்பது? ஓஎஸ்பிஎஃப் 10 விநாடிக்கு ஒருமுறை ஹலோ அனுப்பும், 40 விநாடி பதில் இல்லை என்றால் அந்த வழியையே கைகழுவிவிடும். காஸ்ட் குறைந்த வழியைத்தான் அது எடுக்கும், எனவே ஃபைபர் டனலுக்கு காஸ்ட் 10, 4ஜிக்கு 100 என்று போட்டேன். அவ்வளவுதான் வேலை.

சும்மா சொல்லக் கூடாது, அந்த விஷயத்தில் இது தங்கம். தீபாவளிக்கு முந்தைய சனிக்கிழமை, கடைக்குள் நிற்க இடமில்லை, வெளியே ரோட்டைத் தோண்டுகிறவர்கள் ஃபைபரை அறுத்துவிட்டார்கள். கேஷியர் அக்கா "தம்பி, கொஞ்சம் சுத்துது" என்றார், நான் எழுந்து ரேக் பக்கம் போவதற்குள் "ஓகே ஓகே, வந்துடுச்சு லா" என்று அடுத்த பில்லைப் போட ஆரம்பித்துவிட்டார். வரிசையில் நின்ற ஒருவருக்கும் எதுவும் தெரியாது. அதே மாதிரி புக்கிட் மெர்தாஜாமில் கேமராக்களுக்கென்று தனி சப்நெட் ஒன்று சேர்த்தபோது, கடை ரௌட்டரை நான் தொடவே இல்லை, அந்த வழி தானாக வந்து டேபிளில் உட்கார்ந்துகொண்டது. அங்கே இருப்பது வேறு கம்பெனியின் பழைய பெட்டி, அதனோடும் சண்டை போடாமல் பேசுகிறது.

இப்போது எரிச்சலுக்கு வருகிறேன். இந்த ரௌட்டரின் வெப் பக்கத்தில் ஓஎஸ்பிஎஃப் என்று ஒரு வரி, பக்கத்தில் ஒரு பச்சைப் புள்ளி. ஹலோ வந்தாலே பச்சை. அந்த நெய்பரோடு (எதிர்முனை ரௌட்டரோடு) ரூட் பரிமாற்றம் முடிந்ததா, பாதியில் தொங்குகிறதா என்று அந்தப் புள்ளி சொல்லாது. நெய்பர் பட்டியலே பக்கத்தில் கிடையாது. எஸ்எஸ்எச்சில் (கட்டளை அடிக்கும் திரையில்) நுழைந்து 'ஷோ ஐபி ஓஎஸ்பிஎஃப் நெய்பர்' அடித்தால்தான் உண்மை தெரியும்.

இது சின்னக் குறை மாதிரி தெரியும். ஆனால் இதே பெட்டி ஒவ்வொரு ஃபர்ம்வேர் அப்டேட்டுக்குப் பிறகும் டனலின் எம்டியுவை (ஒரே பாக்கெட்டில் போகக்கூடிய அதிகபட்ச பைட் அளவை) 'ஆட்டோ'வுக்குத் திருப்பிவிடுகிறது. கடை ஃபைபர் பிபிபிஓஇ (யூசர்நேம், பாஸ்வேர்டு போட்டு லைனில் நுழையும் முறை), வழக்கமான 1500இல் அதற்கு 8 பைட் போய் 1492, வயர்கார்டுக்கு 80 கழித்தால் 1412. கிடங்கு லைனில் பிபிபிஓஇ இல்லை, அங்கே ஆட்டோ 1420 என்று வைத்துக்கொள்கிறது. எதிர்முனை சொல்லும் எம்டியு தன்னுடையதைவிடப் பெரிதாக இருந்தால் ரூட் பரிமாற்றத்துக்கான அந்த டேட்டாபேஸ் பாக்கெட்டை ஏற்காதே என்று 1998இல் வந்த, ஓஎஸ்பிஎஃப்பின் விதிகள் அடங்கிய ஆர்எஃப்சி 2328 தெளிவாகச் சொல்கிறது. ஹலோ பாக்கெட்டில் எம்டியு இல்லை, அதனால் ஹலோ ஜோராகப் போய் வரும், கடைப் பக்கம் பரிமாற்றம் தொடங்குவதற்கு முந்தைய எக்ஸ்ஸ்டார்ட் நிலையிலேயே நின்றுவிடும், ஃபைபர் வழியாக ஒரு ரூட்டும் வராது. புள்ளி மட்டும் பச்சை.

அப்புறம் என்ன ஆகும்? ஒன்றும் ஆகாது, அதுதான் கொடுமை. 4ஜி டனலில் இரண்டு பக்கமும் 1420, அங்கே பிரச்சினை இல்லை, எனவே ஓஎஸ்பிஎஃப் சமர்த்தாக எல்லாவற்றையும் அதன் வழியாக அனுப்பிக்கொண்டிருக்கும். பில் போகும், ஸ்டாக் வரும், ராத்திரி பேக்கப்கூடப் போகும். சிம்மின் டேட்டா கோட்டா தீர்ந்து கடை மொத்தமாக நிற்கும்போதுதான், நல்ல ஃபைபர் சும்மா கிடந்தது தெரியவரும். இந்த மாதமும் அதேதான். முதலாளியிடம் "சிஸ்டம் நல்லாத்தான் வேலை செஞ்சுது, அதனாலதான் டேட்டா தீர்ந்துச்சு" என்று விளக்குவது எவ்வளவு சுகமான வேலை என்று சொல்லத் தேவையில்லை. சப்போர்ட்டில் சொன்ன வைத்தியம், எம்டியு சரிபார்ப்பையே அணைத்துவிடுவது. அது புகை வருகிறதென்று அலாரத்தின் பேட்டரியைக் கழற்றுவது மாதிரி. ஹலோவும் ரூட்டும் வரும், பெரிய பாக்கெட் எங்கே காணாமல் போகிறதென்று அப்புறம் தேட வேண்டும். இரண்டு முனையிலும் கையால் 1412 போடுவதுதான் ஒழுங்கான வழி, ஒவ்வொரு அப்டேட்டுக்குப் பிறகும்.

இன்னொன்று. ஓஎஸ்பிஎஃப் டிசிபியும் இல்லை யுடிபியும் இல்லை, ஐபி புரோட்டோகால் 89. ஃபயர்வால் பக்கத்தில் அதை அனுமதிக்கும் டிக் கட்டம் 'அட்வான்ஸ்ட்' உள்ளே ஒளிந்திருக்கிறது, தேடிக்கொள். கேஷியர் கம்ப்யூட்டர்கள் இருக்கும் லேன் பக்கத்தை மறக்காமல் பாஸிவ் ஆக்கு, அந்தப் பக்கம் ஹலோ போகக் கூடாது.

சரி, வாங்கலாமா? மூன்று இடத்தையும் இத்தனை காலம் ஒரு நாள் வியாபாரம் கெடாமல் ஓட்டியது இந்தப் பெட்டிதான், கோட்டா தீர்ந்த நாட்களைக் கழித்துவிட்டால். இருந்தாலும், வாங்காதே. உன் கடையில் எஸ்எஸ்எச் திறந்து பார்க்க ஆள் இல்லை, உனக்கு அந்தப் பச்சைப் புள்ளிதான் எல்லாம். எனக்கு இன்னொன்று வேண்டுமா என்று போன மாதம் கேட்டிருந்தால் உடனே ஆர்டர் போடு என்றிருப்பேன். இப்போதுதான் சிம்முக்கு டாப்-அப் போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறேன், அதுவும் என் காசில், அதனால் இன்றைக்கு என் பதில் வேண்டாம்.