பேட்டரி எத்தனை சதவீதம்: வோல்ட்டை அளப்பதா, கணக்கு எழுதுவதா?

கானாடுகாத்தானில் பலகாரம் விற்கும் ஆச்சி ஒருவர் கையடக்க பில் மெஷினோடு காரைக்குடியில் என் மேசைக்கு வந்தார். "தம்பி, நாப்பதுன்னு காட்டுது. பில் அடிச்சா அஞ்சுங்குது. செத்த நேரம் வச்சிருந்தா மறுபடி நாப்பதுங்குது. எதை நம்புறது?"

1953 முதல் செக்ரி (மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம்) இருக்கிற ஊரில் பேட்டரி மீட்டர் இப்படிப் பொய் சொன்னால் நமக்குத்தான் மானக்கேடு.

அந்த மெஷின் வோல்ட்டை மட்டும் பார்க்கிற ரகம். ஊருணியில் கம்பை விட்டுத் தண்ணீர் பார்ப்பது மாதிரி. செலவு குறைவு, இரண்டு மின்தடை (ரெசிஸ்டர்) போதும். ஆனால் லித்தியம் பேட்டரியின் ஊருணி சீரான ஆழம் உள்ளதல்ல. முழு சார்ஜில் 4.2 வோல்ட் இருக்கும். ஓய்வில் 3.85-க்கும் 3.7-க்கும் இடைப்பட்ட அந்த 0.15 வோல்ட்டுக்குள் ஏறக்குறைய பாதிச் சரக்கு அடங்கிவிடுகிறது. வோல்ட்டைப் பாதியாகப் பிரிக்க 1 சதவீதப் பிழையுள்ள மின்தடைகளைப் போட்டால் அளவு 40 மில்லி வோல்ட் வரை தவறலாம். கேட்கச் சின்னதாக இருக்கும். நடுப்பகுதியில் அதற்கு 13 சதவீதம் என்று அர்த்தம். நல்ல மல்டிமீட்டரை வைத்து ஒரு தடவை ஒப்பிட்டு, வித்தியாசத்தை மென்பொருளில் எழுதிவிட்டால் இந்தப் பிழை போய்விடும். பலர் இந்த வேலையைச் செய்யாமலே அளக்கும் ஐ.சி.யை (சிப்பை) மாற்றலாமா என்று கேட்கிறார்கள்.

ஆச்சியின் சிக்கல் வேறு. பில் அச்சாகும்போது தெர்மல் பிரிண்டர் 2 ஆம்பியர் இழுக்கிறது. கொஞ்சம் வயதான பேட்டரியின் உள்தடை 0.15 ஓம் என்றால் அந்த நொடியில் 0.3 வோல்ட் சரியும். 3.75 இருந்தது 3.45 ஆகும். பேட்டரி காலியாகவில்லை, மூச்சு வாங்குகிறது, அவ்வளவுதான். அந்த நேரத்தில் கம்பை விட்டால் அளவு எப்படிச் சரியாக வரும்?

அடுத்தது, உள்ளே போகிற, வெளியே வருகிற மின்சாரத்தைக் கூட்டிக் கழித்துக்கொண்டே இருக்கும் முறை. செட்டிநாட்டுக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை, பேரேடு எழுதுகிற வேலைதான். 10 மில்லி ஓம் மின்தடை ஒன்றில் விழும் வோல்ட்டை அளந்தால் மின்னோட்டம் தெரியும். பிரிண்டர் இழுத்தாலும் சதவீதம் துள்ளாது. முதல் வாரம் பார்த்தால் இதைவிட நல்ல முறை இல்லை என்றே தோன்றும்.

ஆனால் அந்த மின்தடையில் 1 மில்லி ஆம்பியருக்கு விழுவது வெறும் 10 மைக்ரோ வோல்ட். அளக்கும் சிப்பில் அவ்வளவு பிசகு இருந்தாலே நாளுக்கு 24 எம்ஏஎச் (மில்லி ஆம்பியர்-மணி, பேட்டரிச் சரக்கின் அளவு) தப்பாக ஏறும். 2000 எம்ஏஎச் பேட்டரியில் 30 நாளில் 36 சதவீதம்! ஐந்தொகை போடாத பேரேடு மாதிரி, எழுதினது எழுதினபடி இருக்கும், பெட்டியில் பணம் இருக்காது. இந்த முறையைத் தனியாக மட்டும் வைத்து ஒரு கருவி செய்யாதீர்கள் என்பேன்.

சரி, இரண்டையும் சேர்த்தால்? பிகியூ27441 போன்ற சிப்கள் ஓட்டத்தைக் கணக்கெழுதி, கருவி ஓய்வில் இருக்கும்போது வோல்ட்டைப் பார்த்துத் திருத்தி, உள்தடையையும் கற்றுக்கொள்கின்றன. மேக்ஸ்17043-க்கு ஓட்டம் அளக்கும் மின்தடையே வேண்டாம். வோல்ட்டையும், பேட்டரி எப்படி நடந்துகொள்ளும் என்று உள்ளே எழுதிவைத்த கணக்கையும் கொண்டு ஊகிக்கும். பிகியூ வகை துல்லியம், ஆனால் வேலை வாங்கும். பேட்டரியின் கொள்ளளவைச் சரியாக எழுத வேண்டும். முழுக்க ஏற்றி, ஓய்வு விட்டு, கிட்டத்தட்ட காலியாகும் வரை ஓட்டி, மறுபடி ஓய்வு விட வேண்டும். இதை முடிக்காமல் கடைக்கு அனுப்பிவிட்டு மெஷினைத் திட்டிப் பயனில்லை. (மாதாமாதம் போனைச் சுத்தமாகக் காலியாக்குகிறவர்களுக்கு: மீட்டர் திருந்தலாம், பேட்டரிக்கு நல்லதல்ல.)

நான் தேர்ந்தெடுக்கும்போது கேட்பது ஒன்றுதான்: கருவி எப்போது தூங்குகிறது? ராத்திரி முழுக்கச் சும்மா கிடக்கிற பில் மெஷினுக்கு வோல்ட் முறையே போதும். காலையில் எடுக்கும் முதல் அளவு ஓய்வில் எடுத்தது, அதை நம்பலாம். ஷிப்டுக்கு ஷிப்டு கை மாறி, அணையாமலே ஓடும் கருவிக்குச் சேர்த்த முறை சிப்தான். நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு செல் போட்டிருந்தால் வோல்ட்டை மறந்துவிடுங்கள். ஒரு செல் பெரும்பாலான நேரம் 1.2-ஐ ஒட்டியே நிற்கும்.

ஆச்சியின் மெஷினில் புது சிப் எதுவும் போடவில்லை. அச்சு ஓடும்போதும் அது முடிந்து அரை நிமிடம் வரையிலும் அளவெடுக்காதபடி மாற்றினேன். மல்டிமீட்டரோடு ஒப்பிட்டதில் 30 மில்லி வோல்ட் தப்பு இருந்தது, அதையும் திருத்தினேன். அப்புறம் அங்கேயே ஐந்தாறு பில் அடித்துப் பார்த்தார். 38-லேயே நின்றது. "ரெண்டு குறையுதே தம்பி" என்றார்.