மொத்த மேற்கோளா, எச்-சுட்டெண்ணா?

கிளிநொச்சி அறிவியல் நகரில், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பொறியியல் பீடத்தில் படிக்கிற தம்பி ஒருவர் கேட்டார்: "அண்ணை, அன்ரனா, நுண்ணலைத் துறையில மேற்பார்வையாளர் தேடுறன். ஒராளின்ர ஆய்வுத் தாக்கத்தை எதை வைச்சு மதிக்கிறது?"

மொத்த மேற்கோள் எளிது: மற்றவர்கள் அவருடைய கட்டுரைகளை எத்தனை தடவை சுட்டினார்கள் என்ற கூட்டுத்தொகை. ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் 2005இல் முன்வைத்த எச்-சுட்டெண் வேறு மாதிரி. குறைந்தது 10 மேற்கோள் பெற்ற கட்டுரைகள் 10 இருந்தால் சுட்டெண் 10. 11க்கு 11 எட்டும்வரை அது நகராது.

ஒருவரின் 5 கட்டுரைகளுக்கு 400, 6, 5, 2, 1 மேற்கோள்கள் என்று வைப்போம். மொத்தம் 414, சுட்டெண் வெறும் 3. இன்னொருவருக்கு 10 கட்டுரைகள், ஒவ்வொன்றுக்கும் 12. மொத்தம் 120தான், சுட்டெண் 10. மேற்பார்வையாளராக நான் இரண்டாமவரிடமே போவேன். அந்த 400, மற்றவர்களின் ஆய்வுகளைத் தொகுத்துச் சொல்லும் ஒரு மீளாய்வுக் கட்டுரைக்கு வந்ததாகவும் இருக்கலாம்.

ஆனால் ஒரே ஒரு பெரிய கண்டுபிடிப்பைச் சுட்டெண் மறைத்துவிடும். மொத்த மேற்கோளோ மொழியிலேயே இடறும். 1920களில் ஜப்பானில் பிறந்த யாகி-உடா அன்ரனாவைப் பாருங்கள். அதன் பெயரிலுள்ள இரு ஆய்வாளர்களில் உடா ஜப்பானிய மொழியில் நிறைய எழுதினார். யாகியின் ஆங்கிலக் கட்டுரை 1928இல் வந்தது. உலகம் யாகி என்றே சொல்லிப் பழகிவிட்டது. கொடைக்கானல் தொலைக்காட்சி ஒளிபரப்பைப் பிடிக்க நம்மூர்க் கூரைகளில் உயர்ந்து நின்றதும் அந்த வகைதான். அதை எந்த மேற்கோள் எண்ணும்?

தம்பிக்குச் சொன்னேன்: "சரி, சுட்டெண்ணைப் பாரும். அப்புறம் அவர் கடைசியாக எழுதின மூன்று கட்டுரையை வாசியும்."