பூச்சில்லாத பாலிசல்போன் சவ்வா, வைட்டமின் ஈ பூசியதா?

குளச்சலிலிருந்தும் மார்த்தாண்டத்திலிருந்தும் நாகர்கோவிலுக்கு டயாலிசிஸ் செய்ய வருகிறவர்கள், இரத்தத்தைச் சுத்திகரிக்கும் டயாலைசர் என்ற வடிகட்டியில் பூச்சில்லாத பாலிசல்போன் (ஒருவகைப் பிளாஸ்டிக்) சவ்வுள்ள சாதாரணமானது போதுமா, வைட்டமின் ஈ பூசியது வேண்டுமா என்று கேட்கிறார்கள். இரத்த அணுக்கள் அவற்றைத் தொடும்போது நடப்பதை வைத்தே பதில் சொல்ல வேண்டும்.

இரண்டிலும் சுமார் 0.2 மில்லிமீட்டர் உள்விட்டமுள்ள ஆயிரக்கணக்கான உள்ளீடற்ற இழைகளே உள்ளன; அவற்றின் சுவர்தான் சவ்வு. பழைய செல்லுலோஸ் சவ்வின் ஹைட்ராக்சில் தொகுதிகள் கிருமிகளை எதிர்க்க உதவும் இரத்தத்தின் நிரப்புப் புரதங்களைத் தூண்டியதால், முதல் அரை மணி நேரத்திலேயே வெள்ளணுக்கள் நுரையீரல் நுண்குழாய்களில் போய் ஒட்டிக்கொண்டு, இரத்தத்தில் அவற்றின் எண்ணிக்கை சட்டென்று சரிந்தது. பாலிசல்போன் பூச்சில்லாமலேயே இதைப் பெருமளவு தணித்துவிட்டது; ஆகவே அதை மட்டமானதாக எண்ணுவது பெரும் தவறு.

வைட்டமின் ஈ பூச்சோ, தூண்டப்பட்ட வெள்ளணுக்கள் உமிழும் வீரியமிக்க ஆக்சிஜன் மூலக்கூறுகளைச் சவ்வின் பரப்பிலேயே அடக்கி, சிவப்பணுக்களின் கொழுப்புறை சிதைவதைக் குறைக்க முயல்கிறது. ஆக்சிஜனேற்றக் குறியீடுகள் குறைவதைப் பல ஆய்வுகள் காட்டினாலும், இரத்த சோகை தணிகிறதா என்பதில் முடிவுகள் ஒத்துப்போகவில்லை.

இரத்தத்தைத் திருப்பி ஏற்றிய பின் டயாலைசரை வெளிச்சத்தில் பிடித்தால், சில இழைகள் கருஞ்சிவப்பாக நிற்கும். அது உறைவு, அதற்கு முதலில் சரிபார்க்க வேண்டியது உறைவைத் தடுக்கும் மருந்தான ஹெப்பாரினின் அளவையும் இரத்த ஓட்டத்தையும்தான். வைட்டமின் ஈ ஹெப்பாரினுக்கு மாற்றல்ல.

சிவப்பணு உற்பத்தியைத் தூண்டும் எரித்ரோபொய்டின் ஊசிக்கும் இரும்புச்சத்துக்கும் ஹீமோகுளோபின் அசையாதவருக்கு, மருத்துவர் ஒப்பினால் பூசியதைச் சில மாதம் சோதித்துப் பார்க்கலாம். மற்றவர்களுக்குப் பூச்சில்லாததையே நான் சொல்வேன்.