கப்பலில் இரவுச் சாப்பாடு: கோட் சூட்டா, காலர் வைத்த சட்டையா?

சொகுசுக் கப்பலில் போக நினைப்பவர்கள் பெரும்பாலும் கேபினையும் துறைமுகங்களையும்தான் பார்க்கிறார்கள். என்னைக் கேட்டால், இரவுச் சாப்பாடு எப்படி நடக்கிறது என்பதைத்தான் முதலில் விசாரிக்க வேண்டும். பெட்டியில் எதை அடுக்குவது, யாரோடு உட்காருவது எல்லாம் அதைப் பொறுத்தது.

பழைய சம்பிரதாயம் வேண்டுமென்றால் க்யூனார்டு நிறுவனத்தின் குயின் மேரி 2 கப்பல். சவுத்தாம்ப்டனிலிருந்து நியூயார்க்குக்கு 7 இரவுப் பயணம்; அதில் வழக்கமாக 2 கலா இரவுகள், அதாவது எல்லோரும் விசேஷமாக உடுத்திவரும் இரவுகள். அன்று ஆண்களுக்கு டக்ஸிடோ (வில் வடிவ டையோடு அணியும் விருந்துக் கோட் சூட்) அல்லது அடர்நிற சூட்டும் டையும், பெண்களுக்குக் கவுன். அவரவர் நாட்டு விசேஷ உடைக்கும் இடமுண்டு என்பதால் பட்டுப்புடவை தாராளமாகப் போதும். அலங்காரம் வேண்டாம் என்பவர்கள் பஃபே, பப் போன்ற சில இடங்களோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். குயின்ஸ் ரூம் என்ற நடன அரங்கில் நடக்கும் நடனத்துக்குப் போக முடியாது.

எந்த உணவகம் என்பதையும் இங்கே கேபின்தான் தீர்மானிக்கிறது. விலை உயர்ந்த ஸ்வீட் வகைப் பெரிய அறைகளை எடுத்தவர்களுக்குக் குயின்ஸ் கிரில், அடுத்த நிலைக்குப் பிரின்சஸ் கிரில், பெரும்பாலானோருக்குப் பிரிட்டானியா. ஒரே குடும்பத்தில் இரண்டு விதமான கேபின் எடுத்தால் சாப்பாட்டு மேசையும் பிரிந்துவிடும். இது எனக்குப் பிடிக்காத விஷயம். ஆனால் பிரிட்டானியாவில் நேரமும் மேசையும் நிலையாக இருப்பதில் ஒரு பெரிய வசதி: தினமும் அதே பரிமாறுபவர். மீன் சாறு கலந்த சூப் வேண்டாம் என்று முதல் நாள் சொன்னால், மூன்றாம் நாள் அவரே மெனுவைப் பார்த்து எச்சரிப்பார். சைவக்காரர்களுக்கு இது சின்ன விஷயமில்லை.

வைகிங் நிறுவனத்தின் கடல் கப்பல்களில் இதெல்லாம் கிடையாது. கலா இரவு இல்லை, 18 வயதுக்குக் கீழே யாரும் இல்லை. காலர் வைத்த சட்டையும் நல்ல பேன்ட்டும் போதும். உணவகம் திறந்திருக்கும் நேரத்தில் விருப்பப்பட்ட இடத்தில் உட்காரலாம். மான்ஃப்ரெடிஸ் என்ற இத்தாலிய உணவகத்துக்கும் தனிக் கட்டணம் இல்லை, முன்பதிவு செய்தால் போதும்.

ஓஷியானியா நிறுவனமும் கிட்டத்தட்ட இதே வழிதான். சாப்பாட்டில் இன்னும் அக்கறை அதிகம். பெரிய கப்பல்களில் போலோ கிரில், டோஸ்கானா, ரெட் ஜிஞ்சர் என்று தனி உணவகங்கள் இருக்கின்றன. சீபோர்ன் நிறுவனம் க்யூனார்டுக்கும் இவற்றுக்கும் நடுவில்: விசேஷ உடைக்கான ஃபார்மல் இரவு உண்டு, கட்டாயமில்லை.

எதைத் தேர்ந்தெடுப்பது? அட்லாண்டிக்கைக் கடக்கும்போது வழியில் இறங்க ஊரே இல்லை. மாலையில் உடுத்திக் கிளம்புவதுதான் அந்த நாளின் பெரிய நிகழ்ச்சி. அங்கே க்யூனார்டின் சம்பிரதாயம் அருமையாகப் பொருந்துகிறது. அதுவே தினம் ஒரு துறைமுகமாக மத்தியதரைக் கடலில் சுற்றும்போது, பகலெல்லாம் வெயிலில் நடந்த பிறகு டை கட்டுவது வதைதான். அந்தப் பயணத்துக்கு வைகிங்கோ ஓஷியானியாவோதான் என் தேர்வு. இன்னொன்று, சவுத்தாம்ப்டனுக்குக் காரில் வருபவர் எத்தனை பெட்டி வேண்டுமானாலும் கொண்டுவரலாம். சென்னையிலிருந்து விமானத்தில் போகிறவருக்கு எடை வரம்பு இருக்கிறது. கோட்டும் ஷூவும் அதில் பாதியைத் தின்றுவிடும்.

எந்தக் கப்பலானாலும் சைவம், ஜைன உணவு போன்ற தேவைகளை டிக்கெட் போடும்போதே எழுத்தில் சொல்லிவிடுங்கள். நடுக்கடலில் சமையல்காரர் கடைக்கு ஓட முடியாது.