பளபளவென்று திரும்பி வந்த ரெகுலேட்டர்: ‘முழு சர்வீஸ்’ என்றால் உள்ளே பாருங்கள்

பழைய டைவிங் ரெகுலேட்டரை (சிலிண்டர் காற்றின் அழுத்தத்தைக் குறைத்து மூச்சிழுக்கத் தரும் கருவி) யாரிடமாவது அனுப்பிப் புதுப்பிக்க நினைக்கிறவர்கள், பார்சல் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள். நான் ஏமாந்த கதைதான்.

என்னிடம் இருந்தது ஸ்கூபாப்ரோ நிறுவனத்தின் எம்கே 5 ஃபர்ஸ்ட் ஸ்டேஜும் (சிலிண்டரில் மாட்டும் பகுதி, அழுத்தத்தை முதலில் குறைப்பது) அதோடு 109 செகண்ட் ஸ்டேஜும் (வாயில் வைத்து மூச்சிழுக்கும் பகுதி). 1970களின் ஜோடி. இரண்டும் குரோம் பூசிய பித்தளை. அங்கங்கே கறை, ஃபர்ஸ்ட் ஸ்டேஜின் ஓரத்தில் ஒரு சின்ன நெளிவு, மற்றபடி குறையில்லை. ஹோஸ் மாற்றுவது, ஓ-ரிங் (கசிவைத் தடுக்கும் ரப்பர் வளையம்) போடுவது வரை வீட்டிலேயே செய்வேன். ஃபர்ஸ்ட் ஸ்டேஜைப் பிரிக்க மட்டும் அப்போது கை வரவில்லை.

பழைய ரெகுலேட்டர்களைப் புதுப்பித்துத் தருவதாக விளம்பரம் செய்த ஒருவர் கிடைத்தார். அல்ட்ராசோனிக் தொட்டியில் சுத்தம், சீட் (ஃபர்ஸ்ட் ஸ்டேஜில் பிஸ்டன் விளிம்பு அழுந்தி வால்வை மூடும் வட்டு), ஓ-ரிங், டயஃப்ரம் (மூச்சிழுக்கும்போது உள்வாங்கும் ரப்பர் தகடு) எல்லாம் புதிது, அதோடு 109-ஐ பேலன்ஸ்டு ஆக்கித் தருவேன் என்றார். இந்தக் கடைசி வேலைக்குத்தான் நான் மயங்கினேன். 109-இல் காற்று வால்வைத் திறக்கத் தள்ளும், அதை எதிர்த்து மூடி வைப்பது ஸ்பிரிங் மட்டுமே. அதனால் விறைப்பான ஸ்பிரிங் வேண்டியிருக்கிறது. பேலன்ஸ்டு பாப்பெட் (வால்வில் நகர்ந்து திறந்து மூடும் தண்டு) நடுவில் துளையுள்ளது. காற்று அந்தத் துளை வழியாகப் பின்னாலுள்ள சிறு அறைக்குப் போய் மறுபக்கமிருந்தும் தள்ளும். இளகிய ஸ்பிரிங்கே போதும், மூச்சிழுப்பதும் லேசாகிவிடும். ஊரறிந்த மாற்றம், செய்யத் தெரிந்தவர்கள் நிறைய.

பார்சல் வந்தது. கண்ணாடி மாதிரி மின்னியது. கூடவே ஒரு சின்னப் பையில் ‘மாற்றிய பழைய பாகங்கள்’ என்று நாலைந்து ஓ-ரிங். அன்றைக்கு எனக்கு ஒரே குஷி. அந்த ஓ-ரிங்குகள் யாருடைய ரெகுலேட்டரிலிருந்து வந்தவை என்று கேட்கத் தோன்றவேயில்லை.

நல்லவேளையாகத் தண்ணீருக்குக் கொண்டுபோகும் முன் சிலிண்டரில் மாட்டி, இன்ஃப்ளேட்டர் ஹோஸில் இடைநிலை அழுத்தம் (ஃபர்ஸ்ட் ஸ்டேஜிலிருந்து செகண்ட் ஸ்டேஜுக்குப் போகும் காற்றின் அழுத்தம்) பார்க்கும் கேஜைச் செருகினேன். முள் 135 பிஎஸ்ஐயில் நின்றது. சரி, பரவாயில்லை என்று நினைத்துக் கொஞ்ச நேரம் அப்படியே விட்டேன். இரண்டு நிமிடத்தில் 150. பர்ஜ் பட்டனை (செகண்ட் ஸ்டேஜில் காற்றைக் கையால் திறந்துவிடும் பொத்தான்) அமுக்கி விட்டால் இறங்கியது, மறுபடி நகர ஆரம்பித்தது. பத்து நிமிடம் ஆவதற்குள் 165ஐத் தொட்டது, செகண்ட் ஸ்டேஜ் ‘ஸ்ஸ்’ என்று கசிந்தது.

அந்தச் சத்தம்தான் என்னை யோசிக்க வைத்தது. முள் ஏறிக்கொண்டே போனால் ஃபர்ஸ்ட் ஸ்டேஜில் உயரழுத்த வால்வு முழுசாக மூடவில்லை என்று அர்த்தம். சரி, அது ஒரு கோளாறு. ஆனால் செகண்ட் ஸ்டேஜ் உண்மையிலேயே பேலன்ஸ்டு என்றால் அழுத்தம் இந்த அளவு ஏறுவதற்கெல்லாம் இவ்வளவு சீக்கிரம் கசியாது. இரண்டு பக்கமும் சேர்ந்துதானே ஏறும்?

அவருக்கு எழுதினேன். “புது சீட் படிய சில டைவ் ஆகும், கவலைப்படாதீர்கள்” என்று பதில். பாதி உண்மை இது. புது சீட்டில் பிஸ்டன் விளிம்பு பதியக் கொஞ்சம் நேரம் பிடிக்கும், அதுவரை முள் லேசாக நகரலாம். முப்பது பிஎஸ்ஐ ஏறுவதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

அப்புறம் வேறு வழியின்றி நானே கருவிகள் வாங்கிப் பிரித்தேன். 109-இல் இருந்தது அதே பழைய துளையில்லாத பாப்பெட், அதே விறைப்பான ஸ்பிரிங். பேலன்ஸ் அறையே இல்லை. டயஃப்ரமும் பழசுதான், மடிப்பில் வெடிப்பு தெரிந்தது. சிலிண்டரில் மாட்டாமல், ஃபர்ஸ்ட் ஸ்டேஜ் வாயை உள்ளங்கையால் அடைத்து மவுத்பீஸை உறிஞ்சிப் பார்த்திருந்தால் இது முதல் நாளே தெரிந்திருக்கும். எங்கும் காற்று வரக்கூடாது. வந்தால், டைவின் போது அந்த இடத்தில் வருவது தண்ணீர்.

எம்கே 5-ஐத் திறந்ததும் கோபம் உச்சிக்கு ஏறியது. சீட்டின் மேல்பக்கம் புதுசு போல வழவழப்பு. எடுத்துத் திருப்பினால், பின்பக்கம் பிஸ்டன் விளிம்பு வருடக்கணக்கில் பதித்த ஆழமான வளையம்! பழைய சீட்டையே புரட்டிப் போட்டிருக்கிறார். பிஸ்டன் தண்டின் ஓ-ரிங் தட்டையாகிக் கிடந்தது, அதன் மேல் தாராளமாக கிரீஸ். அதன் பள்ளத்தில் இரும்புக் கொக்கியால் கீறிய கோடு. இதற்கென்றே பித்தளைக் கொக்கி, பிளாஸ்டிக் கொக்கி எல்லாம் இருக்கின்றன. மூடியில் பிளையர்ஸின் பல் தடம். பஃபிங் சக்கரத்தில் தேய்த்தே அந்தப் பளபளப்பு வந்திருக்கிறது. விளிம்புகளில் குரோம் கரைந்து மஞ்சள் பித்தளை எட்டிப் பார்த்தது. கறை இருந்தாலும் முழுசாக இருந்த பூச்சு அது.

இத்தனையிலும் பெரிய நஷ்டம் பிஸ்டன்தான். சீட்டில் உட்கார வேண்டிய அதன் கூர் விளிம்பில் ஒரு சிறு வெட்டு. உருப்பெருக்கியில்தான் தெரியும், ஆனால் அது போதும். புது சீட் போட்டும் முள் நிற்கவில்லை. மிக நுண்ணிய உப்புத்தாளில் மெதுவாகத் தேய்த்துப் பார்த்தேன், கசிவு குறைந்தது, நிற்கவில்லை.

படங்களோடு மறுபடி எழுதினேன். “நீங்களே பிரித்துவிட்டீர்கள், இனி என் பொறுப்பில்லை” என்றார். அதற்குப் பிறகு பதிலே இல்லை.

109 இப்போது நன்றாக இருக்கிறது. பேலன்ஸ்டு பாப்பெட், புது டயஃப்ரம், புது எக்ஸாஸ்ட் வால்வு எல்லாம் நானே போட்டேன், ஒரு மாலை வேலை. வேறொரு ஃபர்ஸ்ட் ஸ்டேஜில் மாட்டிப் பயன்படுத்துகிறேன். எம்கே 5 மட்டும் நல்ல பிஸ்டன் ஒன்றுக்காகக் காத்துக்கொண்டு அலமாரியில் கிடக்கிறது. அவருடைய விளம்பரம் இன்னும் ஓடுகிறது. அதில் ‘சர்வீஸுக்குப் பின்’ என்று போட்டிருக்கும் படத்தில் ஓரத்து நெளிவைப் பார்த்தேன். என்னுடையதேதான்.